தெரிந்த மட்டும்

பொதுக்காலம் 6ஆம் வாரம், புதன். நற்செய்தி: மாற்கு 8:22-26



இப்போது வாசிக்கக் கேட்ட நிகழ்ச்சி மாற்கு நற்செய்தியில் மட்டுமே இருக்கிறது. மாற்கு எழுதியதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட மத்தேயுவும் லூக்காவும் பெத்சாய்தாவின் பார்வையற்ற மனிதரை விட்டுவிட்டார்கள். கொஞ்சம் சங்கடமான நிகழ்ச்சிதான். ஆண்டவர் தொடுகிறார், குணம் பாதியில் நிற்கிறது. நான்கு நற்செய்திகளையும் புரட்டிப் பாருங்கள், இரண்டு தவணையில் நடந்த புதுமை இது ஒன்றுதான்.

அதைவிட வியப்பானது ஆண்டவர் அவரிடம் கேட்கிற கேள்வி. தொழுநோயாளர்மேல் கை வைத்த பிறகு, இப்போது சுகமா என்று அவர் விசாரிக்கவில்லை. இவரிடம் மட்டும் ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். நாம் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? கேட்பவர் பெரியவர். பக்கத்தில் சீடர்கள் நிற்கிறார்கள். “நல்லாத் தெரியுது சுவாமி” என்றுதான் வாயில் வந்திருக்கும். அந்த மனிதர் அப்படிச் சொல்லவில்லை. ஆட்கள் தெரிகிறார்கள், ஆனால் மரங்கள் நடப்பதுபோல இருக்கிறார்கள் என்றார். தெரிந்த மட்டும் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தப் பதிலுக்குப் பிறகுதான் இரண்டாவது முறை ஆண்டவரின் கை அவர் கண்கள்மேல் வந்தது.

அவரைப்போலத் தெரிந்த மட்டும் காட்டிய ஓர் ஓவியரைப் பற்றி இன்றைக்குச் சொல்லப் போகிறேன். ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் கொலோன் பேராலயத்துக்குக் கூட்டிப் போகாத குடும்பம் இங்கே ஜேர்மனியில் நம்மிடையே இருக்காது. உள்ளே போய்த் தெற்குக் கையில் நிமிர்ந்து பார்த்தால் ஒரு பெரிய சன்னல் இருக்கிறதல்லவா? புனிதர் இல்லை, வானதூதர் இல்லை, வெறும் வண்ணச் சதுரங்கள். “இதில சாமி எங்க, ஃபாதர்?” என்று ஓர் அம்மம்மா என்னிடம் கேட்டார். 2007இல் அந்தச் சன்னல் திறக்கப்பட்டபோது கொலோனின் கர்தினால் மைஸ்னரும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார். அவர் அம்மம்மாவைவிடக் கடுமையாகப் பேசினார்: இது பள்ளிவாசலுக்கோ வேறொரு தொழுகைக்கூடத்துக்கோ பொருந்தும், இந்தப் பேராலயத்துக்குப் பொருந்தாது என்றார். அந்தச் சன்னலைச் செய்தவர் கெர்ஹார்ட் ரிக்டர். 1932இல் டிரெஸ்டனில் பிறந்து, 1961இல் பெர்லின் சுவர் எழும்புவதற்குச் சில மாதங்களுக்கு முன் மேற்கு ஜேர்மனிக்குத் தப்பி வந்தவர். தன் நாட்டை விட்டு எல்லை தாண்டி வருவது எப்படிப்பட்டது என்று இங்கே இருக்கிற பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்தச் சன்னலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அவருடைய வேறு விதமான படங்களைப் பாருங்கள்.

1960களில் ரிக்டர் புகைப்படங்களை வைத்து ஓவியம் வரையத் தொடங்கினார். குடும்ப ஆல்பத்துப் படம், பத்திரிகையில் வெட்டிய படம், எதுவானாலும் சரி. அதைக் கருவி கொண்டு திரைத்துணியில் பெரிதாக விழச்செய்து, கோடு பிசகாமல், கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக அப்படியே வரைவார். முழுதாக வரைந்து முடித்த பிறகு, வண்ணம் காய்வதற்குள் உலர்ந்த தூரிகையால் மேலே மெல்ல இழுத்துவிடுவார். ஓரங்கள் கலைந்து முகம் மங்கும். அருகே போனால் ஒன்றுமே பிடிபடாது. பின்னுக்கு வந்தால் ஆள் தெரியும், ஆனால் பிடி கொடுக்காது. ஓவியக்கூடத்தில் இந்தப் படங்களுக்கு முன்னால் நிற்பவர்களைக் கவனித்திருக்கிறேன். இரண்டடி முன்னே, மூன்றடி பின்னே என்று எல்லாரும் ஆடிக்கொண்டே இருப்பார்கள்.

அவற்றில் ஒன்று ‘ரூடி மாமா’, 1965இல் வரைந்தது. இராணுவக் கோட்டும் தொப்பியுமாக ஓர் இளைஞன் சுவரோரம் நின்று சிரிக்கிறான். ரிக்டருடைய தாயின் தம்பி, போரில் இறந்துபோனவர், வீட்டுக்குச் செல்லப்பிள்ளை. அவர் அணிந்திருப்பது ஹிட்லருடைய படையின் உடை. இந்தப் படத்தை ரிக்டர் யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? செக் நாட்டு லிடிட்சே கிராமத்தின் நினைவுத் தொகுப்புக்கு. 1942 ஜூனில் நாசிகள் ஆண்களைச் சுட்டு, பெண்களை முகாமுக்கு அனுப்பி, வீடுகளைத் தரைமட்டமாக்கிய கிராமம் அது. என் மாமா நல்லவர் என்றும் அவர் எழுதிக் கொடுக்கவில்லை, என் மாமா கொலைகாரர் என்றும் எழுதிக் கொடுக்கவில்லை. தெரிந்த மட்டும் கொடுத்தார்.

அதே ஆண்டு வரைந்தது ‘மரியான் சித்தி’. பதினாலு வயதுப் பெண் ஒருத்தி, அவளுக்கு முன்னால் நாலு மாதக் குழந்தை. குழந்தை, ரிக்டர்தான். அந்தப் பெண் அவருடைய தாயின் தங்கை. பிற்பாடு அவளுக்கு மனநோய் வந்தது. நாசி ஆட்சி வந்த 1933ஆம் ஆண்டிலேயே இப்படிப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் போட்டிருந்தார்கள். மரியானுக்கும் அதைச் செய்தார்கள். பிறகு மருத்துவமனை என்ற பெயர் கொண்ட ஓர் இடத்தில் பட்டினி போட்டு, மருந்து கொடுத்துச் சாகவிட்டார்கள். அது 1945 பிப்ரவரி. போர் முடிய மூன்று மாதம்கூட இல்லை.

நமக்கு அருகிலிருக்கிற மியூன்ஸ்டர் நகரின் ஆயர் ஃபொன் காலென், 1941 ஆகஸ்ட் 3ஆம் நாள், இதேபோல ஒரு மறையுரைப் பீடத்தில் நின்று, நோயாளிகளைக் கொல்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த உரை கைப்பிரதியாக நாடெங்கும் போனது. அதே மாதம் நச்சுவாயுக் கொலைகளை நிறுத்தும்படி ஹிட்லர் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆனால் பட்டினியும் ஊசியுமாகக் கொலை சத்தமில்லாமல் தொடர்ந்தது. மரியான் போன்றவர்கள் அப்படித்தான் போனார்கள். இதைச் சொல்லும்போது நம் வீடுகளையும் நினைக்கிறேன். மனநோய் வந்த பிள்ளையை உறவினர் வரும்போது உள்ளறையில் இருத்தி வைக்கிற வீடுகள் நம்மிடையே உண்டு. நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைக் கொண்டாட்டத்துக்குக் கூட்டி வாருங்கள். குடும்பப் படம் எடுக்கும்போது நடுவில் நிறுத்துங்கள்.

இன்னும் ஒரு படம் இருக்கிறது. 1964இல் ரிக்டர் தன் மாமனாரின் குடும்பம் கடற்கரையில் சிரித்துக்கொண்டிருக்கிற புகைப்படத்தை வரைந்தார். மாமனார் பெரிய மகப்பேற்று மருத்துவர். நாசிப் படையான எஸ்எஸ்ஸில் பதவியில் இருந்தவர். டிரெஸ்டனில் பெண்களுக்கு நடந்த கட்டாயக் கருத்தடைகளுக்குப் பொறுப்பானவர்களில் ஒருவர். வரைந்தபோது ரிக்டருக்கு இது தெரியாது. நாற்பது ஆண்டு கழித்து ஒரு பத்திரிகையாளர் தோண்டியெடுத்த பிறகுதான் சித்தியின் படமும் மாமனாரின் படமும் ஒரே கதையின் இரண்டு பக்கம் என்று தெரிந்தது. தன் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவரையே அவருக்குத் தெரியவில்லை. அவர் அந்தப் படங்களை மங்கலாக விட்டது வெறும் அழகுக்கான உத்தி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதர்களை மரங்களாகக் காண்கிற நிலையில் நாம் எல்லாரும் இருக்கிறோம் என்பதை மறைக்காத தூரிகை அது.

நம் வீட்டுச் சுவர்களிலும் படங்கள் உண்டு. பள்ளிக்கூடச் சீருடையில் அண்ணன், மாலை போட்ட சித்தப்பா, திரும்பி வராத மகன். அந்தப் படங்களுக்குக் கீழே நின்று நாம் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். சில வீடுகளில் அவர்கள் எல்லாரும் வீரர்கள். சில வீடுகளில் அவர்களைப் பற்றி வாயே திறப்பதில்லை. இரண்டுமே, ‘நல்லாத் தெரியுது சுவாமி’ என்ற பதில்தான். பிள்ளைகள் கேட்டால், எனக்கு இவ்வளவுதான் தெரியும், மற்றது தெரியாது என்று சொல்லுங்கள். அவர்கள் தாங்குவார்கள்.

இனி, ஒன்றுமே தெரியாத படங்களுக்கு வருவோம். அரூப ஓவியம் என்கிறார்கள். மேசன்மார் சுவர்ப்பூச்சை மட்டம்பிடிக்கிற பலகைபோல நீளமான ஒன்றை எடுத்து, ஈர வண்ணத்தின் மேல் ரிக்டர் அழுத்தி இழுப்பார். ஒரு படலம் காய்ந்ததும் இன்னொன்று போட்டு மறுபடி இழுப்பார். சில இடத்தில் மேலே உள்ளது ஒட்டும், சில இடத்தில் பிய்ந்து அடியில் உள்ளது எட்டிப் பார்க்கும். எங்கே என்ன வரும் என்பது அவருக்கே முழுதாகத் தெரியாது. இதை யாரும் செய்யலாமே என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைக்காமல் இல்லை, பெர்லினில் அவருடைய நாலு ஓவியங்களைப் பார்க்கும்வரை. அவற்றின் கதை ஒரு முகாமில் தொடங்குகிறது.

1944 ஆகஸ்ட்டில், அவுஷ்விட்ஸ்-பிர்க்கெனோ முகாமில், பிணங்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள் சிலர் ஒளித்துக் கொண்டுவந்த கமராவால் நாலு படம் எடுத்தார்கள். பிடிபட்டால் அந்த இடத்திலேயே சாவு. ஃபிலிமைப் பற்பசைக் குழாய்க்குள் ஒளித்து வெளியே கடத்தினார்கள். இரண்டு படத்தில் கதவுக்கு உள்ளே இருட்டிலிருந்து பார்த்த புகையும் உடல்களும். மூன்றாவதில் மரங்களுக்கிடையே உடை களைந்த பெண்கள், மிக மங்கலாக. நாலாவதில் மனிதரே இல்லை. கண்ணில் வைத்துக் குறிபார்க்க முடியாமல் மறைவாக அமுக்கியதால், சாய்ந்த மரங்களும் வானமும் மட்டும் விழுந்தன. இன்றைய நற்செய்தியில் மரங்கள் என்ற சொல் வந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் படம்தான்.

ரிக்டர் 2014இல் இந்த நாலையும் நாலு பெரிய திரைத்துணிகளில் வரைந்தார். ஒவ்வொன்றும் 260 செ.மீ. உயரம், 200 செ.மீ. அகலம். வரைந்து பார்த்ததும் இது தன்னால் ஆகாது என்று உணர்ந்து, அதன்மேல் படலம் படலமாக வண்ணம் இழுத்தார். கறுப்பு, சாம்பல், அங்கங்கே சிவப்பு, பச்சை. இப்போது அடியில் இருப்பது ஒரு துளியும் தெரியாது. பெர்லினில் அந்த ஓவியங்களோடு நாலு புகைப்படங்களின் பிரதிகளையும் சிறிதாக வைத்திருந்தார்கள். எதிர்ச்சுவரில் பெரிய சாம்பல் நிறக் கண்ணாடி. ஓவியத்துக்கு முதுகு காட்டித் திரும்பினால், அதற்கு முன்னால் நிற்கிற நாம் தெரிவோம். இந்த நாலு ஓவியங்களையும் விற்பனைக்கு விடப்போவதில்லை என்று ரிக்டர் ஓர் அறக்கட்டளையில் சேர்த்துவிட்டார். உயிரோடிருக்கிற ஓவியர்களில் மிக உயர்ந்த விலைக்குப் போகிறவர்களில் அவர் ஒருவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறைத்துவிட்டாரே என்று கோபப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பெண்களின் துயரத்தை அழகான ஓவியமாக்கிச் சுவரில் மாட்டியிருந்தால் நாம் பார்த்துக் கண்கலங்கி, காப்பி குடிக்கப் போயிருப்போம். தன் கைக்கு எட்டாத இடத்தில் கை எட்டியதாக அவர் பாசாங்கு செய்யவில்லை.

இப்போது சன்னல். அதன் பழைய கண்ணாடி போரில் நொறுங்கிப்போனது. பல ஆண்டுகள் வெறும் வெளிர்க் கண்ணாடியே இருந்தது. அங்கே எடித் ஸ்டைன், மாக்சிமிலியன் கோல்பே போன்ற 20ஆம் நூற்றாண்டு மறைசாட்சிகளை வரையச் சொல்லித்தான் ரிக்டரிடம் முதலில் கேட்டார்கள். முயன்று பார்த்துக் கைவிட்டார். அதற்குப் பதில் 11,000க்கு மேற்பட்ட சிறு சதுரங்கள், 72 நிறங்கள். நிறங்களைப் பேராலயத்தின் பழைய சன்னல்களிலிருந்தே தேர்ந்தார். அடுக்குமுறையைப் பெரும்பாலும் கணினியின் தற்செயலுக்கு விட்டார். கூலி வாங்கவில்லை. தன்னை விசுவாசி என்று சொல்லிக்கொண்டவரும் அல்ல.

கர்தினாலின் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். வார்த்தை மனிதரானார் என்று அறிக்கையிடுகிற திருச்சபைக்கு முகம் வேண்டும். முகமில்லாத இறைவனைக் கும்பிட நாம் இங்கே கூடவில்லை. ஆனால் அந்தப் பேராலயத்தில் முகங்களுக்குக் குறைவில்லை. மூவரசர் பேழையைச் சுற்றி மட்டும் எத்தனை முகங்கள்! அவ்வளவு முகங்களுக்கு நடுவே, எனக்கு இதற்கு மேல் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்று ஒருவர் சொல்ல ஓர் இடம் இருக்கட்டும். பெத்சாய்தாக்காரருக்கு இடம் கொடுத்த ஆண்டவர் இதற்கும் கொடுப்பார்.

ஏனென்றால் ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உன் விசுவாசம் போதாது என்றும் சொல்லவில்லை. மறுபடியும் கைவைத்தார், அவ்வளவுதான். மாற்கு இந்த நிகழ்ச்சியை எங்கே வைத்திருக்கிறார் என்றும் பாருங்கள். இதற்கு முன்னால், கண்ணிருந்தும் காணாத சீடர்கள் படகில் அப்பத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். இதற்குப் பின்னால், பேதுரு இயேசுவை மெசியா என்று அறிக்கையிடுகிறார். அடுத்த நிமிடமே சிலுவையைத் தடுக்கப்போய் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். பேதுருவுக்கு அன்று தெரிந்ததும் நடக்கிற மரங்கள்தான். ஆனால் பேதுரு அதை ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்றே நினைத்தார். சேவல் கூவும்வரை அந்த நினைப்பு போகவில்லை.

இளையோர் மன்றப் பிள்ளைகள் அடுத்த மாதம் கொலோனுக்குப் போகிறீர்கள். சொக்லேட் அருங்காட்சியகத்துக்கு எப்படியும் போவீர்கள், அதை நான் தடுக்கப்போவதில்லை. அதற்கு முன் வெயில் இருக்கிற நேரமாகப் பார்த்து, அந்தத் தெற்குச் சன்னலுக்குக் கீழே கால் மணி நேரம் உட்காருங்கள். கைபேசியைப் பைக்குள் வையுங்கள். விளக்கப் பலகையை முதலில் வாசிக்காதீர்கள். திரும்பி வந்து சனிக்கிழமைக் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும்: கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று மட்டும். என்ன விளங்கியது என்று நான் கேட்கமாட்டேன். ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையே சொல்லுங்கள். அங்கிருந்து பேச்சைத் தொடங்குவோம்.