கட்டணமும் கடமையும்

ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால், ‘கட்டணம் செலுத்துவது நான்தானே?’ என்ற பதில் பல இல்லங்களில் எழுவதுண்டு. பணம் கொடுத்துப் பெற்றதை வீணாக்கும் உரிமை ஒருவருக்கு உண்டா என்பதே இங்கு எழும் கேள்வி.

நம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. அவ்வாறு ஒரு யூனிட் பெற அரைக் கிலோவுக்கும் அதிகமான நிலக்கரி எரிய வேண்டும். பூமி கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவாக்கிய செல்வம் அது. சுரங்கத் தொழிலாளியின் வியர்வையும், அனல்மின் நிலையத்தை அடுத்து வாழ்வோர் சுவாசிக்கும் புகையும் அந்த ஒரு யூனிட்டில் அடங்கியுள்ளன. நாம் செலுத்தும் கட்டணம் இவற்றை ஈடுசெய்வதில்லை.

பதஞ்சலி முனிவர் கூறிய யமங்கள் ஐந்தில் ஒன்று அஸ்தேயம், அதாவது திருடாமை. 1930-இல் எரவாடா சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில் காந்தியடிகள் அதன் பொருளை மேலும் விரித்தார். உரியவர் இசைந்து கொடுத்தாலும், தேவையற்றதைப் பெறுவது திருட்டே என்பது அவர் கருத்து. அந்த நோக்கில் வீணாகும் மின்சாரம் வெறும் பணநஷ்டம் அன்று, அறத்தின் நஷ்டம்.

திறன்மிக்க சாதனங்களை வாங்கிவிட்டால் போதாதா? வழக்கமான மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கிறது, புதியவகை பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவே போதும். ஆனால் முன்னது 8 மணி நேரத்தில் செலவிடும் 0.6 யூனிட்டை, பின்னது 20 மணி நேரம் சுழன்றால் செலவிட்டுவிடும். 2006-இல் நம் நாட்டில் அறிமுகமான நட்சத்திரக் குறியீடு சாதனத்தின் திறனை அளக்கிறது. அதை இயக்குபவரின் புலனடக்கத்தை அளக்கும் குறியீடு எதுவும் இல்லை.

இவ்வடக்கம் தன்னிடமிருந்தே தொடங்க வேண்டும். தம் அறையில் குளிர்சாதனத்தை 18 டிகிரியில் வைத்துக்கொண்டு, முதியவரின் அறையிலும் பணிப்பெண் உழைக்கும் சமையலறையிலும் விசிறியை நிறுத்துபவர் சிக்கனக்காரர் அல்லர், கருமி. தேவைக்குச் செலவிடத் தயங்காமையும், தேவையின்றிச் செலவிட இசையாமையும் சேர்ந்ததே சிக்கனம்.

குளிர்சாதனத்தை 24 டிகிரிக்கு உயர்த்துதல், சலவை இயந்திரத்தை நிறையத் துணி சேர்ந்தபின் இயக்குதல், தொலைக்காட்சியை ரிமோட்டோடு விட்டுவிடாமல் சுவரிலுள்ள சுவிட்சிலும் அணைத்தல் ஆகியவை எளிய செயல்களே. இவற்றைப் பிறர் காண்பதில்லை, பாராட்டுவதும் இல்லை. காண்போர் இல்லாத இடத்திலும் கை தானாகவே சுவிட்சை நோக்கிச் செல்லுமாயின், அஸ்தேயம் அந்த இல்லத்தில் வழக்கமாகிவிட்டது எனலாம்.