சொல்லப்படாத பாதி

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரியணை ஏறியபின் 1559இல் இயற்றப்பட்ட வழிபாட்டுச் சீர்மைச் சட்டம், ஞாயிறுதோறும் பங்குத் தேவாலயத்துக்கு வராதவரிடம் 12 பென்ஸ் தண்டம் வசூலித்ததே ஒழிய, வந்து அமர்ந்தவர் மனத்துக்குள் எதை நம்பினார் என்று கேட்கவில்லை. ஆகவே கத்தோலிக்கர் பலர் ஆலயத்துக்கு வருவார்கள், ஆனால் நற்கருணை வாங்கமாட்டார்கள். உடல் அரசிக்கு, உள்ளம் இறைவனுக்கு என்ற இந்த ஏற்பாட்டைத் திருத்தந்தையின் தரப்பும் கண்டித்தது, தீவிரப் புராட்டஸ்தாந்தரும் வெறுத்தனர்.

1570இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் அரசியைச் சபை நீக்கம் செய்து, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என அறிவித்ததும், நம்பிக்கையே அரசத் துரோகத்தின் அறிகுறியாகத் தெரியத் தொடங்கியது. 1581இல் தண்டம் மாதத்துக்கு 20 பவுனாக உயர்ந்தது. 1585இன் சட்டப்படி, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றுத் திரும்பியவர் நாட்டில் இருப்பதே துரோகமாயிற்று, அவருக்கு அடைக்கலம் தந்தவரும் தூக்குக்கு உரியவரானார். எனவே “வீட்டில் குரு இருக்கிறாரா?” என்ற கேள்விக்கு மௌனம் காப்பதும் காட்டிக்கொடுப்பதாகவே முடிந்தது.

இந்த நெருக்கடியில்தான் ‘மன ஒதுக்கம்’ என்ற கோட்பாடு இங்கே வேரூன்றியது. ஸ்பானிய அறநூல் வல்லுநர் நவாரஸ் வகுத்தபடி, ஒரு கூற்றின் ஒரு பாதி வாயால் சொல்லப்படலாம், மறுபாதி மனத்தில் நிற்கலாம்; “இல்லை” என்றவர் “உம்மிடம் சொல்லும்படியாக இல்லை” என உள்ளூர முடித்துக்கொண்டால், முழுவதையும் கேட்கும் இறைவன் முன் அவர் பொய்யர் அல்லர். 1595இல் விசாரிக்கப்பட்ட இயேசு சபைக் குரு ராபர்ட் சவுத்வெல், பிரெஞ்சு மன்னன் படையெடுத்து வந்து, அரசி ஒளிந்திருக்கும் இடத்தைக் கேட்டால் விசுவாசமுள்ள குடிமகன் என்ன சொல்வான் என்று வழக்குரைஞர் எட்வர்ட் கோக்கை மடக்கினார். கேட்பவனுக்குக் கேட்க உரிமை உண்டா என்பதே அவ்வாதத்தின் உயிர்நிலை. அந்த உரிமையில்லை என நிறுவிவிட்டால், மனத்துக்குள் ஒட்டுச்சொல் சேர்ப்பது மிகையான நுட்பமாகவே தோன்றுகிறது.

கோட்பாட்டின் பெயரைக் கெடுத்தவர், அதைப் பற்றி நூலெழுதிய இயேசு சபைக் குரு ஹென்றி கார்னெட்தான். எலிசபெத்துக்குப் பின் அரியணையேறிய ஜேம்ஸ் மன்னரை நாடாளுமன்றத்தோடு தகர்க்கக் கத்தோலிக்கர் சிலர் தீட்டிய 1605ஆம் ஆண்டு வெடிமருந்துச் சதியை முன்னரே அறிந்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்ட அவர், பக்கத்து அறையிலிருந்த சக குருவோடு பேசியதை ஒற்றர்கள் ஒட்டுக்கேட்டார்கள். பேசவே இல்லை என முதலில் மறுத்து, பின்னர் ஒப்புக்கொண்டார். தன் உயிருக்காகவும் அதே கருவியை எடுத்தபோது அது தந்திரமாகவே பட்டது. 1606 மே மாதம் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அதே ஆண்டில் ஜேம்ஸ் மன்னர் கொணர்ந்த விசுவாச உறுதிமொழி, சபை நீக்கப்பட்ட அரசரைப் பதவியிறக்கலாம் அல்லது கொல்லலாம் என்ற கருத்தைத் திருச்சபைக்கு மாறான கொள்கை என்று மனமார வெறுக்கச் சொன்னதோடு, இருபொருளோ மன ஒதுக்கமோ இன்றிச் சத்தியம் செய்வதாகவும் சொல்லச் சொன்னது. வெளிநடத்தை போதும் என்றிருந்த அரசு இவ்வாறு உள்ளத்துக்குள் காலெடுத்து வைத்தது. ஆனால் மன ஒதுக்கத்தோடு மன ஒதுக்கத்தையே மறுப்பவனை எவ்வுறுதிமொழியாலும் பிடிக்க இயலாது, நேர்மையானவனே சிக்குவான். திருத்தந்தை ஐந்தாம் பால் அதைக் கண்டித்தார். இங்கிலாந்துக் குருக்களின் தலைவர் ஜார்ஜ் பிளாக்வெல் சிறையிலிருந்தபடி அதை ஏற்றார். அதற்காக ரோமாபுரி 1608இல் அவரைப் பதவி நீக்கியது, அரசோ அவரைச் சிறையிலேயே வைத்திருந்தது.