என்ன வேலை பாக்குறீங்க?

சாக்கடையில் இறங்கி வேலை பார்த்த எங்க சித்தப்பாவுக்குக் காய்ச்சல். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, அப்புறம் மஞ்சள். பெரியாஸ்பத்திரி டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல் 'குடிச்சு ஈரல் போச்சு' என்றார். வந்தது எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணியிலிருந்து, கால் வெடிப்பு வழியாக ஏறுகிற கிருமி. ஆரம்பத்திலேயே பென்சிலின் போட்டால் பெரும்பாலும் பிழைக்கலாம். 'என்ன வேலை பாக்குறீங்க?' என்று இன்னொரு டாக்டர் கேட்டபோது சிறுநீரகம் கெட்டிருந்தது. சித்தப்பா பிழைக்கவில்லை.

நோயாளியிடம் தொழிலைக் கேள் என்று 1700இலேயே இத்தாலிய மருத்துவர் ரமாசினி எழுதிவிட்டார். டீக்கடையில, வாடகைக்கு வீடு கேட்ட வாசல்ல எல்லாம் நம்மிடம் இதே கேள்வி வருகிறது, ஒதுக்குவதற்காக. உயிரைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் மட்டும் வருவதில்லை.

தெரியாமை குற்றமில்லை என்கிறார்கள். சரி. கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே? கேட்கவே தோணாத தெரியாமையைச் சொல்லிக்கொடுத்தது மருத்துவப் பாடமல்ல, சாதி.