மரப்பட்டையில் மகிமை எங்கே?

சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரம் தில்லை. ஊரின் பழைய பெயரும் அதுவே. மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போக வேண்டும். கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால், பார்வை கொஞ்ச காலத்துக்காவது போய்விடும். கும்பிடுவதும் அந்த மரத்தைத்தான், ஒதுங்கிப் போவதும் அதைக் கண்டுதான்.

அதே காட்டுச் சுரபுன்னைக்குக் கோயில் மரியாதை கிடையாது. ஆனால் ரைசோபோரா முக்ரோனாட்டா என்ற சுரபுன்னை வகையின் பட்டையிலிருந்து எடுத்த பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரைகள் கோத்த நீண்ட சங்கிலி, எச்.ஐ.வி. செல்களைத் தாக்காமல் ஆய்வகத்தில் தடுத்தது என்று 1999இல் இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தக் குணம் மரத்துடையதா, பட்டையுடையதா, சங்கிலியுடையதா?

சித்த மருத்துவம் ஒரு சரக்குக்குச் சுவை, குணம், வீரியம், பிரிவு, மகிமை என ஐந்தைச் சொல்கிறது. முதல் நான்கைக் கொண்டு விளக்க முடியாத தனி ஆற்றலே மகிமை. ஆய்வகம் இதை ஒப்புக்கொள்ளாது; பிரித்துக் காட்டு என்னும்.

பிரிப்பது சமையல் மாதிரிதான் தொடங்குகிறது. பட்டைப் பொடியை ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாயத்தைப் போக்கி, வெந்நீரில் காய்ச்சி வடிகட்டுகிறார்கள். வற்றிய கஷாயத்தில் மூன்று நான்கு மடங்கு ஆல்கஹாலை ஊற்றியதும், பால் திரிந்ததுபோல் திப்பிதிப்பியாகப் பாலிசாக்கரைடு பிரிந்து வரும். பிறகு புரதத்தை நீக்கி, சவ்வுப் பையில் கட்டி நீரில் போட்டு உப்பைக் கழித்து, அமிலத்தில் உடைத்து எந்தெந்தச் சர்க்கரை என்று பார்க்கிறார்கள்.

சிக்கல் துவர்ப்பில் இருக்கிறது. தோல் பதனிடவும் வலைக்குச் சாயமேற்றவும் பயன்பட்ட பட்டை இது. அதிலுள்ள டானின் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் கண்ட புரதத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். வேலை டானினுடையது, பெயர் சங்கிலிக்கு என்று ஆகிவிடலாம். சுத்தம் செய்யச் செய்ய வீரியம் குறைவதும் உண்டு.

சுத்தமான பிறகும் கையிலிருப்பது ஒற்றைப் பொருளல்ல. சங்கிலிகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. கட்டுரையில் அச்சாகும் மூலக்கூறு எடை வெறும் சராசரி. சக்கரமா தேர், அச்சா தேர் என்று மிலிந்த மன்னனை மடக்கிய பௌத்தத் துறவி நாகசேனர் இதைக் கேட்டால் சிரித்திருப்பார். தேர் என்பது பெயர் மட்டுமே என்றார் அவர். ஆனாலும் மிலிந்தன் வந்து இறங்கியது அந்தத் தேரிலிருந்துதான்.

இன்னும் பிரித்துப் பார்க்காததற்கு வைத்த பெயர் என்றால் மகிமை நேர்மையான சொல். பிரிக்கவே கூடாது என்பதற்கு அதைக் கேடயமாக்கினால்தான் வம்பு. 1999இல் தடுக்கப்பட்டது கண்ணாடிக் கலத்துக்குள் இருந்த வைரஸ். பிச்சாவரம் போகிறவர்கள் பட்டையை உரித்துவந்து கஷாயம் வைத்துவிட வேண்டாம்.