கேட்டதாக எழுதிக்கொண்டார்கள்

எங்கள் அப்பன் ஊருக்குக் கூட்டம் சொல்கிறவர். அவிநாசிக்கு வடக்கே ஒரு கிராமம். வரி கட்டக் கடைசி நாள், ஆடுமாடுகளுக்கு ஊசி போட டாக்டர் வருகிற நாள், நோம்பி சாட்டுகிற நாள், பஞ்சாயத்துக் கூட்டம், எதுவானாலும் அப்பன் தப்பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். முக்குக்கு முக்கு நின்று அடித்து, "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னன்னா" என்று ராகம் போடுவார். சின்ன வயசில் அந்தச் 'சகலமானவர்' என்கிற வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லாரும் என்று அர்த்தம் என அப்பன்தான் சொல்லித் தந்தார்.

கூட்டம் கூடும். மாரியம்மன் கோயில் முன்னால் வேப்பமரத்துத் திண்ணையில் சகலமானவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அப்பன் மட்டும் எட்ட, சாக்கடைக்கு அந்தப் பக்கம், துண்டை இடுப்பில் கட்டி, தப்பட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். பேசுவது பாதி காதில் விழும், பாதி விழாது. கலைந்து போகிறவர்களில் கொஞ்சம் இளகின மனசுக்காரராகப் பார்த்து, "என்ன முடிவாச்சுங்க சாமி?" என்று கேட்டுக்கொண்டு வளவுக்குத் திரும்புவார். ஊருக்கெல்லாம் சேதி சொன்னவருக்குச் சேதி கடைசியாகத்தான் தெரியும்.

2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்று. நல்ல காரியம். அதற்கு முன்பே அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார். தப்பட்டையைத் தோளிலிருந்து இறக்கக் கடிதம் போதும். அடித்தவனைத் திண்ணையில் ஏற்றி உட்கார வைக்கக் கடிதம் போதுமா? இந்தக் கேள்வியிலிருந்துதான் எனக்கு இன்னொரு கேள்வி வந்தது. ஒரு கூட்டத்தைப் 'பொது'க் கூட்டமாக ஆக்குவது எது?

சட்டத்தைக் கேட்டால் அது கணக்குச் சொல்லும். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் கிராம சபை இருக்கிறது. ஊராட்சியில் 500 பேர் வரை இருந்தால் 50 பேர் வர வேண்டும், 3000 பேர் வரை 100 பேர், 10000 பேர் வரை 200 பேர், அதற்கும் மேல் 300 பேர். பெரிய தொழிற்சாலை, சுரங்கம் என்று வந்தால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு, பத்திரிகை விளம்பரம், மக்கள் மொழியில் அறிக்கையின் சுருக்கம், ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை, நடப்பது முழுக்க வீடியோ. இதற்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்கிற கணக்குக்கூடக் கிடையாது. அந்த அறிவிக்கையை மாற்ற 2020இல் கொண்டுவந்த வரைவை முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டார்கள். எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் கொடு என்று டில்லி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கருத்துக் கேட்பதற்கான விதியைப் பற்றிய கருத்தையே நமக்குப் புரியாத மொழியில் கேட்டவர்கள் இவர்கள்.

சட்டம் தலையை எண்ணுகிறது. தலைக்குள் இருக்கிற பயத்தை எண்ண அதனிடம் கருவி இல்லை.

'பொது' என்கிற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூர் ரிக்கார்டுகளில் பொது மயானம் என்று ஒன்று இருக்கும், ஆதிதிராவிடர் மயானம் என்று இன்னொன்று இருக்கும். நம்முடையதற்குத்தான் சாதிப்பெயர். அவர்களுடையது வெறும் 'பொது'. பொதுக் கிணறும் பொதுவழியும் அப்படித்தான். 'ஊர்ப் பொதுமக்கள்' என்று எழுதினாலே வளவும் சேரியும் காலனியும் அதில் இல்லை என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். 2018 ஜூலையில் இதே அவிநாசி வட்டாரத்தில், திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டார்கள். அன்றைக்கு அவர்களும் தங்களைப் பெற்றோர், ஊர்மக்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அதிகாரிகள் முதலில் அந்த அம்மாவை இடம் மாற்றினார்கள், போராட்டத்துக்குப் பிறகுதான் அந்த உத்தரவை ரத்து செய்தார்கள். அங்கே நடந்ததும் ஒரு கருத்துக் கேட்புதான். சமைக்கிற கை மட்டும் அந்தப் பொதுவில் சேரவில்லை.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். தண்ணி டேங்க் கட்டப் பணம் வந்திருந்தது. எங்கே வைப்பது என்று கிராம சபையில் பேசப் போவதாகச் சொன்னார்கள். எங்கள் அம்மா போனாள், வளவுப் பெண்கள் இருபது முப்பது பேர் போனார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் வந்தே ஆகவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போனதும் நோட்டில் கையெழுத்து, தெரியாதவர்களுக்குக் கைநாட்டு. அப்புறம் டீ, வடை. அதற்கும் அப்புறம்தான் பேச்சு. வளவுக்குப் பக்கத்து மேட்டில் வைத்தால் இரண்டு பக்கமும் தண்ணி சமமாக இறங்கும் என்பது குழாய் பதிக்கிற பையனுக்கே தெரியும். டேங்க் ஊருக்குள் போனது. எங்களுக்குக் கடைக்கோடிக் குழாய். குடத்தின் அடி நனைவதற்குள் மோட்டாரை நிறுத்துகிற நேரம் வந்துவிடும்.

"நீ ஏம்மா எந்திரிச்சுக் கேக்கல?" என்று சண்டை போட்டேன். படித்த திமிர் எனக்கு.

"கேட்டுப்போட்டு நாளைக்குக் களையெடுக்க ஆரு காட்டுக்குப் போறது கண்ணு? அங்க ஒக்காந்திருக்கறவங்க காடுதானே எல்லாம்?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நம்மளக் கேட்டதா எழுதிக்கிட்டாங்க. கேக்கல," என்றாள்.

தீர்மான நோட்டைப் பின்னால் ஒருநாள் பார்த்தேன். 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று இருந்தது. அம்மாவின் கைநாட்டு அதற்கு மேலே. அவிநாசிக் குளத்தில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டார் என்று தலபுராணம் சொல்கிறார்கள். அந்த நோட்டு விழுங்கிய எங்கள் சொல்லை எந்த நாயனார் வந்து பாடி மீட்பார்?

தமிழில் 'கேட்பது' என்றால் கேள்வி கேட்பதும்தான், காது கொடுப்பதும்தான். கருத்துக் கேட்பு என்றால் இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். அதிகாரம் இரண்டையும் பிரித்துவிடுகிறது. கேள்வியைக் கேட்டுவிட்டுக் காதை மூடிக்கொள்கிறது. பதில் வராததை மௌனம் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறது. யோசித்துப் பாருங்கள். 'முடியாது' என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் கூலிக்குப் போக முடிகிறவனுடைய மௌனத்துக்கு வேண்டுமானால் சம்மதம் என்று பெயர் வைக்கலாம். 'முடியாது' என்று சொன்னால் அடுப்பு அணையும் என்கிற இடத்தில் இருப்பவளின் மௌனம் சம்மதம் ஆகாது. அது அவள் கட்டுகிற வட்டி.

கதவு திறந்துதானே இருந்தது, வந்து பேசாதது அவர்கள் தப்பு என்பார்கள் நியாயவான்கள். திறந்த கதவின் சரித்திரம் நமக்குத் தெரியும். 1923இல் பம்பாய் சட்டசபை பொது நீர்நிலைகள் தீண்டப்படாதாருக்கும் உண்டு என்று தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் 1924இல் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்க் கைவைத்த பிறகுதான் அது திறந்த குளமா மூடிய குளமா என்பது வெளிப்பட்டது. குடித்துவிட்டுத் திரும்பியவர்களை அடித்தார்கள். அதே அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை அலகாக வைக்காமல் தனிமனிதரை அலகாக வைத்ததற்காக மகிழ்ந்தார். கிராமமே கூடி முடிவெடுக்கிறது என்று காந்தியவாதிகள் கண்ணீர் மல்கப் பேசும்போதெல்லாம் நாம் அதை நினைத்துக்கொள்ள வேண்டும். கிராமம் கூடுவது வேறு, கிராமத்தில் இருக்கிற ஒவ்வொருத்தரும் கூடுவது வேறு.

சரி, வாய் திறந்து சொன்னால் மட்டும்? மேட்டுப்பாளையம் நடூரில் எங்கள் சனங்களின் குடிசைகளை ஒட்டி உயரமான கருங்கல் சுவர் ஒன்று நின்றது. ஆபத்து என்று முன்னமே சொன்னோம் என்றார்கள் அங்கிருந்தவர்கள். 2019 டிசம்பர் 2 விடியற்காலை மழையில் அந்தச் சுவர் விழுந்து 17 பேர் செத்தார்கள். சொன்னதைக் கேட்டு எழுதி நடவடிக்கை எடுக்கிற காது இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய 17 உயிர்கள். காது கொடுக்காதது வெறும் மரியாதைக்குறைவு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒருதரம் நடூருக்குப் போய்வரட்டும்.

இனி அத்திக்கடவுக்கு வருகிறேன். அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தை எதிர்த்து எழுத எனக்குக் கை வராது. காமராசர் காலத்திலிருந்து கேட்ட தண்ணீர். 2019இல் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17இல் தொடக்கம். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரில் 1.5 டி.எம்.சி.யைக் குழாயில் ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிறார்கள். 24,468 ஏக்கருக்குப் பயன் என்பது கணக்கு. கிணறு வறண்டால் பண்ணையம் போகும், பண்ணையம் போனால் கூலி போகும். தண்ணி எங்களுக்கும் வேண்டியதுதான்.

ஆனால் நல்ல திட்டம்தானே, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று சொல்கிற இடத்தில்தான் நான் நிற்கிறேன். பயனை ஏக்கரில் எழுதியிருக்கிறார்கள். ஏக்கரே இல்லாதவன் அந்தக் கணக்கில் எந்த வரியில் இருக்கிறான்? குட்டை நிறைந்தால் ஊற்று ஏறும். ஊற்று ஏறினால் கிணறும் போரும் யாருடையதோ அவர்களுக்கு முதலில் தண்ணி. குட்டைக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவனை என்ன செய்வது? அதில் மீன்பிடி உரிமை யாருக்கு? விடுபட்ட குட்டைகளையும் சேர்க்கச் சொல்லிக் கோரிக்கைகள் எழுந்தன. அந்த வரிசையில் வளவுக்கு அருகிலுள்ள குட்டையை யார் சொல்வது? தீமையைத்தான் கேட்டுச் செய்ய வேண்டும், நன்மையைக் கேட்காமல் செய்யலாம் என்பது பண்ணையார் தர்மம். நோம்பிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பவர் நமக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்பதில்லை. தானம் வாங்குகிறவனை யாரும் கருத்துக் கேட்கமாட்டார்கள். பங்காளியைக் கேட்டே ஆகவேண்டும். நாம் தானம் வாங்குகிறவர்களா, பங்காளிகளா என்பதுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் உள்ளே கிடக்கிற கேள்வி.

தலைவர் நாற்காலி கிடைத்தால் தீர்ந்துவிடும் என்றும் நினைத்தோம். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் 2020 அக்டோபரில் வெளிவந்தது. கூட்டத்தைக் கூட்டும் உரிமை பெற்றவரே தரையில். அப்படியானால் கூட்டப்பட்டவர்கள் எங்கே?

நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளவில் இயக்கக் கூட்டம் போட்டால் நாமும் என்ன செய்கிறோம்? ஆம்பிளைகள் முன்னால், பெண்கள் திண்ணை ஓரம். சென்னையிலிருந்து வந்த தோழர் ஒருமணி நேரம் பேசுவார். கடைசியில், "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேக்கலாம்." அம்மாக்களுக்குச் சந்தேகம் இல்லை, கருத்து இருந்தது. அதை நாமும் கேட்கவில்லை. நம்முடைய நோட்டிலும் 'ஏகமனதாக' என்றுதான் எழுதினோம்.

ஆகவே கோரிக்கைகளைச் சின்னதாக வைக்கிறேன். கூட்டத்தை வளவுக்குள் ஒருதரமாவது போடுங்கள், ஊர்க்காரர்கள் நடந்து வரட்டும். கூலி போகாத நேரத்தில் போடுங்கள். படத்தையும் திட்டத்தையும் முதல் வாரமே கையில் கொடுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். கையெழுத்தைக் கடைசியில் வாங்குங்கள், அதுவும் எழுதினதைச் சத்தமாகப் படித்த பிறகு. ஒருத்தர் மறுத்தாலும் மறுத்தார் என்று எழுதுங்கள். மறுத்தவருக்கு மறுநாள் வேலை இருந்ததா என்று மறுவாரம் வந்து பாருங்கள். இந்தக் கடைசிக் காரியத்தைச் செய்கிற அதிகாரி கூட்டியது மட்டும்தான் பொதுக்கூட்டம்.

போன கிராம சபைக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். நோட்டை நீட்டினார்கள். "மொதல்ல பேச்சு முடியட்டுங்க, அப்புறம் வெக்கறனுங்க," என்றாள். எழுதுகிறவர் என்னைப் பார்த்தார், நான் சொல்லிக் கொடுத்தேன் என்று. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்தது அப்பன் தப்பட்டையோடு எட்ட நின்று பார்த்த அதே திண்ணை. அன்றைக்கு அவள் வேறெதுவும் பேசவில்லை. கைநாட்டு வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடிகிற வரைக்கும் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.