எறிந்த பின்னும் பொறுப்பு உண்டா?

விற்று முடிந்த சரக்கின் குறைக்கு விற்றவர் பொறுப்பா என்று கேட்டால், குறையை மறைத்து விற்றிருந்தால் பொறுப்புத்தான் என்று நம்மில் எந்த வியாபாரியும் தயங்காமல் சொல்வார். அன்பர்களே, வீட்டுக் குப்பைக்கும் இந்த நியாயம் பொருந்தாதா?

சுபாங் ஜெயாவுக்கு அருகே, பூச்சோங் ஆயர் ஹீத்தாம் குப்பைக் கிடங்கு 2006 முடிவில் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு கோலசிலாங்கூர் வட்டாரத்து ஜெராமில் வேறொன்று திறந்தது. நம் வாசலை விட்டகன்ற குப்பை ஒழிந்துவிடுவதில்லை. இன்னொருவர் ஊருக்குப் போய்ச் சேருகிறது.

2015 செப்டம்பர் 1 முதல் கோலாலம்பூர், ஜொகூர் முதலிய இடங்களில் குப்பையைத் தரம் பிரிப்பது சட்டக் கடமையாயிற்று. சிலாங்கூர் அப்போது அதற்குள் வரவில்லை. சட்டம் கேட்காததை ஏன் செய்யவேண்டும் என்பார் சிலர். முத்திரை அதிகாரி வராத நாளில் நாம் எடையைக் குறைப்போமா?

குழம்பு பட்ட காகிதம் மறுபயனுக்கு உதவாது. புதைந்து அழுகும் சோற்றிலிருந்து நச்சுநீரும் எரிவாயுவும் பிறக்கின்றன. ஆகவே ஈரத்தையும் உலர்ந்ததையும் பிரிப்போம். மறுபயன் தொட்டிகளில் நீலம் காகிதத்துக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும், பழுப்பு கண்ணாடிக்கு. பொரித்த எண்ணெயைக் குழாயில் ஊற்றாமல் போத்தலில் சேர்த்தால் வாங்குவோர் உண்டு. அதிலிருந்து டீசலுக்கு மாற்று எண்ணெய் செய்கிறார்கள். பழைய பேட்டரியைக் குப்பையோடு கலக்கலாகாது.

உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி, அடையாளமிட்டு வைப்போம். இல்லையேல் பை தூக்கும் தொழிலாளியின் கையை அது கிழிக்கும். அவர் நம்மிடம் எதையும் விலைக்கு வாங்கவில்லை. ஆயினும் குறை மறைத்த சரக்கை அவர் கையில் கொடுத்தவர் நாமே.