குரல் எட்டும் தூரம்

சுவிற்சர்லாந்து மலைகளின் கத்தோலிக்கப் பகுதிகளில் கோடை முழுக்க, மாலைதோறும் மாடு மேய்ப்பவர் ஒரு கடமை செய்கிறார். பால் கறந்து முடிந்ததும் குடிசைக்குப் பக்கத்தில் மேடான இடமாகப் பார்த்து நிற்கிறார். பால் வடிக்கும் புனலை வாயில் வைத்து, சரிவெங்கும் கேட்கும்படி ஒரு மன்றாட்டை இராகம் இழுத்து ஓதுகிறார். கடவுளையும் மரியாளையும் புனிதர்களையும் பெயர் சொல்லி அழைத்து, இந்த மேய்ச்சல் நிலத்தில் இருக்கும் மனிதரையும் மாடுகளையும் உடைமைகளையும் இந்த இரவு காத்தருளும்படி கேட்கிறார். ‘பேட்ரூஃப்’ என்பார்கள், மலை ஆசி என்றும் அதற்குப் பெயர் உண்டு. அந்தக் குரல் எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அவ்வளவு தூரத்துக்குத் தீங்கு அண்டாது என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை.

குரல் எட்டும் எல்லைக்குள் வேற்றுச் சமயத்தவன் ஒருவன் நின்றால் அந்த ஆசி அவனுக்கும் சேருமா? மலை விடுதி ஒன்றின் பின்கட்டில், கோப்பை கழுவும் தொட்டியடியில் நின்றபோது எனக்கு வந்த கேள்வி இது. நான் வவுனியாப் பக்கத்துச் சைவன். எண்பதுகளின் கடைசியில் அகதியாகச் சுவிஸ் வந்தவன். எங்கள் ஆட்கள் பலருக்கும் அன்று கிடைத்த வேலை சமையற்கட்டு வேலைதான். எனக்குக் கிடைத்தது அப்பென்செல் பகுதியில், அல்ப்ஸ்டைன் மலைத்தொகுதியில் இருந்த ஒரு விடுதி. கோப்பை கழுவுவதில் தொடங்கி அடுப்படிக்கு உயர்ந்தேன்.

அந்த இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரயில் வாஸராவென் என்ற சின்ன நிலையத்தோடு முடிந்துவிடும். அதன்பின் நடைதான். செங்குத்தான பாதையில் ஏறினால் 1141 மீட்டர் உயரத்தில் ஸேயல்ப்ஸே என்ற ஏரி. அதற்கும் மேலே, பாறையும் புல்லுமாக உள்ள சரிவுகளில் ஆங்காங்கே விடுதிகள். எங்கள் விடுதிக்கு மாவும் உருளைக்கிழங்கும் சாமான் ஏற்றும் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு வரும். இரவு தங்குபவர்களுக்குத் தனி அறை அநேகமாகக் கிடையாது. நீண்ட மேடையில் மெத்தைகள் வரிசையாகக் கிடக்கும், ஆளுக்கொரு கம்பளி. முன்பின் தெரியாத இருவர் தோளோடு தோள் உரசிப் படுப்பார்கள். காலையில் கோப்பி குடித்துவிட்டு ஆளுக்கொரு திசையில் போவார்கள்.

ஓகஸ்ட் நடுப்பகுதி தாண்டினால் மலையின் முகம் மாறும். புல்லின் பச்சை மங்கும். ஒரு காலையில் எழுந்து பார்த்தால் 2502 மீட்டர் உயரமுள்ள ஸென்டிஸ் சிகரத்தில் புதுப்பனி விழுந்திருக்கும். மத்தியானத்துக்குள் கரைந்தும் போய்விடும். ஓகஸ்ட் 15 மரியாளின் விண்ணேற்பு நாள், அங்கே அரச விடுமுறை. ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏறி வருவார்கள். அன்று மட்டும் உருளைக்கிழங்கைத் துருவித் துருவிக் கை மரத்துவிடும். ரோஷ்டி வறுக்கும் இரும்புத் தாச்சி அடுப்பை விட்டு இறங்காது. அதன்பின் கிழமை நாட்களில் கூட்டம் குறையும். வருபவர்கள் நின்று கதைப்பார்கள். எந்த மேய்ச்சல் நிலத்தில் புல் முடிந்தது, யார் எப்போது மாடுகளை இறக்குகிறார் என்பதுதான் அந்த நாட்களின் பேச்சு.

எங்கள் விடுதிக்கு மேலே இருந்த குடிசையில் ஒரு முதியவர் கோடைதோறும் மாடுகளோடு வந்து தங்குவார். கணீரென்ற குரல். அவர் ஓதத் தொடங்கியதும் முற்றத்தில் பியர் குடித்துக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். நான் வாசற்படியில் வந்து நிற்பேன். சொற்கள் விளங்காத தொடக்க காலத்திலேயே அந்த இழுப்பு எனக்குத் தெரிந்ததாக இருந்தது, கோயிலில் ஓதுவார் பண்ணோடு இழுப்பதுபோல. மொழி கொஞ்சம் பிடிபட்ட பிறகு, பால் கொண்டுவந்த அவரிடம் ஒருநாள் கேட்டேன்: “ஐயா, நான் உங்கள் சமயம் இல்லை. நீங்கள் கேட்பது எனக்கும் சேருமா?”

“காதில் விழுந்ததா?” என்றார்.

“விழுந்தது.”

“அப்போ சேர்ந்துவிட்டது.”

அவ்வளவுதான் சொன்னார். பால் கானை இறக்கி வைத்துவிட்டுப் போனார். 1597-இல் சமய வேறுபாட்டால் கத்தோலிக்கப் பாதி, புரட்டஸ்தாந்தப் பாதி என்று இரண்டாகப் பிரிந்த மண் அப்பென்செல். நிலத்தையே சமயத்தால் வெட்டிக்கொண்டவர்களின் பிள்ளை அவர். அப்படிப்பட்டவர் என்னிடம் ஞானஸ்நானம் பெற்றாயா என்று கேட்கவில்லை.

அவருடைய பதில் எனக்குப் புதிதல்ல. என் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருந்தவர். அதே அம்மா ஆவணியில் கத்தோலிக்கரின் மடு மாதா கோயிலுக்கும் போவார். மடு மாதாவின் சொரூபம் 1670 அளவில் ஒல்லாந்தரின் அடக்குமுறைக்கு அஞ்சிய கத்தோலிக்கக் குடும்பங்களால் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோகப்பட்டது. அந்தத் தாயே ஒரு அகதி. ஓகஸ்ட் 15 திருவிழாவுக்குச் சைவர்களும் சிங்களவர்களும் மாட்டுவண்டி கட்டிப் போய், மரத்தடியில் கொட்டில் போட்டுத் தங்கிய காலம் அம்மாவுடையது. திரும்பும்போது மடு மண்ணைச் சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவருவார்கள். பாம்புக்கடிக்கு அந்த மண் காப்பு என்று வன்னியில் எல்லோரும் நம்பினார்கள். எங்கள் வீட்டில் அது விபூதித் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அம்மாவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இன்றும் சுவிஸில் மரியாஸ்டைன், ஐன்சீடெல்ன் யாத்திரைத் தலங்களுக்குப் போகும் தமிழர்களில் நெற்றியில் திருநீறு பூசியவர்களைப் பார்க்கலாம்.

ஆனால் மடு என்ற பெயரைச் சொன்னவன் 1999 நவம்பரைச் சொல்லாமல் போகக்கூடாது. போருக்கு அஞ்சி ஆயிரக்கணக்கானவர்கள் மடுக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அங்கே எறிகணை விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அவர்களில் அடக்கம். மாதாவின் காலடியில், எல்லா மன்றாட்டுகளும் கேட்கும் தூரத்துக்குள் நடந்தது அது. 2008-இல் போர் மீண்டும் நெருங்கியபோது சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது.

அங்கே இறந்தவர்களின் விசுவாசம் போதாது என்று யாராவது சொன்னால் அவரோடு எனக்குப் பேச்சில்லை. கடவுளின் சித்தம் என்று சொல்லி முடிப்பவரோடும் இல்லை. ஆசி எறிகணையைத் தடுக்காது. இடியைத் தடுக்காது. அல்ப்ஸ்டைன் பாதைகளில் கோடைதோறும் ஆட்கள் தவறி விழுகிறார்கள். மீட்புப் பணியின் சிவப்பு ஹெலிகாப்டர் பாறையோரம் நின்று சுழல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முந்தின மாலை அங்கேயும் பேட்ரூஃப் ஒலித்துத்தான் இருக்கும். அப்படியானால் அந்தக் கிழவர் மாலைதோறும் செய்தது என்ன?

அவரைக் கவனித்ததில்தான் எனக்கு விடை கிடைத்தது. ஓதி முடித்ததும் அவர் உள்ளே போய்விடமாட்டார். புனலைக் கமுக்கட்டில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நிற்பார். முதலில் மாடுகளை எண்ணுவார். பிறகு கீழே ஏரிப் பாதையையும், மேலே கணவாய்ப் பாதையையும் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். யாராவது இன்னும் நடந்துகொண்டிருந்தால் எங்கள் பக்கம் திரும்பி இரண்டு விரலை வாயில் வைத்துச் சீழ்க்கை அடிப்பார். விடுதிக்காரர் விளக்கை எடுத்துக்கொண்டு போவார். அல்லது என்னைத் தேத்தண்ணீர் வைக்கச் சொல்வார். மூடுபனி இறங்கிய ஒரு மாலை, நனைந்து நடுங்கிக்கொண்டு வந்த ஒரு பெண்ணையும் பிள்ளையையும் அவரே கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் யார், எந்த நாடு, எந்தச் சமயம் என்று யாரும் கேட்கவில்லை. சூப் கொடுத்தோம்.

இந்த எல்லைக்குள் இருக்கும் எல்லோரையும் காத்தருளும் என்று கடவுளிடம் உரக்கக் கேட்டுவிட்டவன், அந்த எல்லைக்குள் ஒருவன் இருட்டில் தட்டுத்தடுமாறுவதைக் கண்டும் கதவைச் சாத்த முடியாது. சொன்ன சொல் அவனைக் கட்டிப்போடுகிறது. ஆசியின் பலன் கேட்பவனுக்கு எப்படியோ, கூறுபவனுக்கு அது ஒரு கடன். என் அறிவுக்கு எட்டியவரை பிரார்த்தனை என்பதன் பொருள் இதுதான்.

ஊரில் கதாப்பிரசங்கங்களில் இராமானுசர் கதையைக் கேட்டிருக்கிறேன். திருக்கோட்டியூர் நம்பி அவரைப் பதினெட்டுத் தடவை திருப்பி அனுப்பி, கடைசியில் எட்டெழுத்து மந்திரத்தை உபதேசித்தார். யாருக்கும் சொல்லாதே என்று கட்டளையும் இட்டார். இராமானுசரோ கோயில் கோபுரத்தில் ஏறி ஊரையே கூட்டி உரக்கச் சொல்லிவிட்டார். குருவின் சொல்லை மீறியதற்கு நரகம் என்றால், கேட்டவர்கள் அத்தனை பேரும் கடைத்தேற நான் ஒருவன் நரகம் போகிறேன் என்றார் என்பது கதை. சிறுவயதில் இதைக் கருணைக் கதையாகக் கேட்டேன். மலையில் இருந்தபோது வேறொன்றும் தெரிந்தது. கோபுரத்தில் ஏறிக் கூவுகிறவன் கேட்பவனைப் பொறுக்கி எடுக்க முடியாது. உயரத்தில் ஏறும்போதே அவன் அந்த உரிமையை விட்டுவிடுகிறான். இராமானுசர் அதற்கான விலையையும் தானே ஏற்றுக்கொண்டார்.

இந்த நினைப்போடு ஒட்டாத ஒரு செய்தியும் உண்டு. 2009 நவம்பர் 29 அன்று சுவிஸ் மக்கள் புதிய மினாராக்கள் கட்டத் தடை விதிக்கும் யோசனைக்கு 57.5 சதவீத ஆதரவு அளித்தார்கள். எங்கள் மலை இருக்கும் கத்தோலிக்கப் பாதியான அப்பென்செல் இன்னர்ரோடனில் ஆதரவு 71 சதவீதத்தைத் தாண்டியது. மாலைதோறும் உயரத்திலிருந்து கூவிப் பிரார்த்திக்கும் மக்கள், இன்னொருவர் உயரத்திலிருந்து கூவிப் பிரார்த்திக்கும் கோபுரம் வேண்டாம் என்றார்கள். அந்த முதியவர் எப்படி வாக்களித்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. என்னோடு சமையற்கட்டில் நின்றவர் கொசோவோவிலிருந்து வந்த முஸ்லிம். அடுத்த கோடையும் வேலைக்கு வந்தார். முதல் மாலை பேட்ரூஃப் கேட்டதும் வழக்கம்போல ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு வாசற்படிக்கு வந்தார். “எங்கள் ஊரிலும் இந்த நேரத்துக்கு ஒருவர் இப்படிக் கூப்பிடுவார்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு இருந்தது. இன்றும் இருக்கிறது. பிரார்த்தனை அணைத்துக்கொண்டவரை வாக்குச்சீட்டு தள்ளிவிட்டது. அந்த மன்றாட்டை ஓதும் ஊர் அதன் கடனைத் தீர்க்கவில்லை என்பதே என் எண்ணம்.

செப்டெம்பரில் மாடுகள் இறங்கும். முன்னால் கொம்பில்லாத வெள்ளை ஆடுகள், அவற்றை ஓட்டும் மஞ்சள் காற்சட்டைப் பையன். பின்னால் பெரிய மணி பூட்டிய மூன்று பசுக்கள். மணியோசையோடு இழைய மேய்ப்பர்கள் சொல்லே இல்லாத ஒரு பாட்டைப் பாடுவார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் மாட்டுச் சொந்தக்காரரும் நாயும். நாங்கள் அடுப்பை அணைத்துவிட்டு முற்றத்தில் நின்று பார்ப்போம். 2023-இல் யுனெஸ்கோ இந்த மலைக்கோடை வாழ்வை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மரபு என்று பெயர் வைத்துவிட்டால் வேடிக்கை பார்ப்பது சுலபமாகிவிடும் என்ற பயமும் இருக்கிறது.

அந்தப் பயம் நம் கோயில்களைப் பற்றியும்தான். மலைக்கோடையின் கடைசி வாரங்களில்தான் ஊரில் நல்லூர்த் திருவிழா. சுவிஸில் உள்ள நம் கோயில்களிலும் கோடைகாலத்தில் தேர் ஓடுகிறது. அர்ச்சனைக்குச் சீட்டு எடுக்கிறோம். பெயரும் நட்சத்திரமும் சொல்லி அந்தக் குடும்பத்துக்கு வேண்டுகிறார் ஐயர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெற்றவருக்குப் பிள்ளையின் பெயர்தான் முதலில் வாயில் வரும். ஆனால் பூசை முடிவில் நாம் எல்லோரும் சேர்ந்து கச்சியப்பரின் கந்தபுராண வாழ்த்தையும் பாடுகிறோம். மழை தவறாமல் பெய்ய வேண்டும், ஆள்பவர் நெறி தவற வேண்டாம், எந்த உயிரும் குறையின்றி வாழ வேண்டும் என்று கேட்கிற பாட்டு அது. அதில் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் இடமில்லை. கேட்கும் தூரத்தில் இருக்கும் எல்லோருக்குமான வேண்டுதல் அது. நம்முடைய பேட்ரூஃப் அதுதான். எத்தனை பேர் செருப்பைத் தேடிக்கொண்டே அதைப் பாடுகிறோம்!

தேர் ஓடும் தெருவில் பல்கனிகளில் நின்று பார்ப்பவர்கள் அந்தக் குரல் எட்டும் தூரத்தில்தான் நிற்கிறார்கள். மேளச் சத்தம் கூடிப்போயிற்று என்று முறையிட்ட பக்கத்து வீட்டுக்காரரும் அங்கேதான் நிற்கிறார். நேற்று வந்து இறங்கிய சூடான் அகதியும் அங்கேதான். கோயில் சபைகளை நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று: தேரன்று வாழ்த்துப் பாடியதும், அதன் பொருளை இங்கே பிறந்த நம் பிள்ளை ஒன்று டொச் மொழியில் ஒலிபெருக்கியில் வாசிக்கட்டும். நாம் யாருக்காக வேண்டினோம் என்று அவர்கள் அறியட்டும். அன்னதானப் பந்தியில் அவர்களுக்கும் இலை போடுங்கள்.